பலகை செத்தால் ஆம்ப் பாடுமா?

பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிட்டார் வாசிக்கிறார். சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு கானாவும் ராக்கும் கலந்து ஒரு பேண்டு. கையில் இருப்பது ஈஎல்84 என்கிற பவர் ட்யூப் இரண்டு போட்ட 18 வாட் ட்யூப் ஆம்ப் தலை (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி), அதற்குக் கீழே 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள பெட்டி. இப்போது வருகிற ட்யூப் ஆம்புகளில் டிஜிட்டல் ரிவெர்ப் (பெரிய அறையில் வாசிப்பது போன்ற எதிரொலி), ப்ரீசெட் (சேமித்து வைத்த அமைப்புகள்), யூஎஸ்பி, ஹெட்போன் அவுட், ப்ளூடூத் என்று எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துத் தருகிறார்கள். பழையதை விற்றுவிட்டு அப்படி ஒன்று வாங்கலாமா, இல்லை இருக்கிற ஆம்பிலேயே ஒரு ரிவெர்ப் போர்டு பொருத்தித் தர முடியுமா என்பது அவர் கேள்வி. பேண்டில் மூத்த அண்ணன் ஒருவர், "ட்யூபுக்குள்ள டிஜிட்டல் வந்துட்டா பால்ல தண்ணி கலந்த மாதிரி" என்று சொல்லிவிட்டாராம். அது உண்மையா என்றும் கேட்கிறார்.

தம்பி, உங்கள் அண்ணன் பயப்படுவது சரிதான், பயப்படும் இடம்தான் தப்பு. அவர் சத்தம் கெட்டுப்போகும் என்று பயப்படுகிறார். பழைய வண்ணாரப்பேட்டையில் பல வருடமாக ஆம்ப் பிரித்துப் பார்க்கிற எனக்கு அந்தப் பயம் கொஞ்சம்தான். உள்ளே வைத்த அந்த டிஜிட்டல் சர்க்யூட் பலகை எத்தனை வருடம் உயிரோடு இருக்கும், அது செத்தால் கூடவே ஆம்பையும் இழுத்துக்கொண்டு போகுமா என்பதுதான் என் கவலை.

கிட்டார்காரர்களைப் பழமைவாதிகள் என்று கேலி செய்வது சுலபம். ஆனால் அவர்கள் சூடு கண்ட பூனைகள். 1966ல் ஃபெண்டர் கம்பெனி ட்ரான்சிஸ்டர் ஆம்ப் வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. ட்யூபின் காலம் முடிந்தது என்றுதான் அப்போது பேச்சு. அந்த வரிசை 1971ல் நின்றுபோனது, ட்யூப் ஆம்ப் நிற்கவில்லை. பிறகு 1998ல் லைன் 6 கம்பெனியின் 'பாட்' வந்தது. அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு சிவப்புப் பெட்டி, அதற்குள் பல ஆம்புகளின் சாயல். ஹெட்போனில் அசந்துபோனவர்களில் பலருக்கு டிரம்ஸ் பக்கத்தில் நின்றபோது அந்த மயக்கம் தெளிந்தது. இப்படி இரண்டு முறை "இனி ட்யூப் வேண்டாம்" என்று கேட்டவனுக்கு மூன்றாவது முறை சந்தேகம் வருவது நியாயம்தானே.

நம் பக்கத்துக் கதை வேறு. மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர்கள் மைக் செட்காரரின் ஆம்ப்ளிஃபயரில் நேராகக் குத்தித்தான் வாசித்தார்கள். கிட்டாருக்கென்று தனி ட்யூப் ஆம்ப் என்பதே கனவு. ட்யூப் தெரிந்தவர்கள் ரேடியோ ரிப்பேர்காரர்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அப்படி ஒருவர். ட்யூப் என்று அவர் வாயில் வராது, வால்வுதான். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஈசிசி83 வால்வுகளை மூர் மார்க்கெட் குவியலில் பொறுக்கி எடுத்ததை, அந்த மார்க்கெட் 1985ல் எரிந்துபோனதை, சொந்தக்காரர் சாவு போலச் சொல்வார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "சிக்னல் எந்த வழியா போகுது?"

உங்கள் கேள்விக்கும் அதுதான் சாவி. "டிஜிட்டல் இருக்கிறதா" என்று கேட்டால் பதில் வராது. டிஜிட்டல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.

சில ஆம்புகளில் டிஜிட்டல் வெறும் வாட்ச்மேன் வேலைதான் பார்க்கிறது. சேனல் (சுத்தமான சத்தத்துக்கு ஒன்று, கரகரப்புக்கு ஒன்று என்று தனித்தனி வழி) மாற்றுவது, வெளி எஃபெக்ட் பெடல்களை ஆம்பின் நடுவில் மாட்டும் லூப்பைத் திறந்து மூடுவது, எந்தப் பாட்டுக்கு எந்த சேனல் என்று நினைவில் வைப்பது. உள்ளே ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் இருக்கும், அது ரிலே என்கிற மின் ஸ்விட்ச்சுகளைத் தட்டும். கிட்டார் சிக்னல் அந்தச் சில்லின் பக்கமே போகாது. மார்ஷல் ஜேவிஎம் 2007ல் வந்தது. அதில் நாலு சேனல் உள்ள மாடலில் சேனல்களை மிடி, அதாவது இசைக்கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை, வழியாக மாற்றலாம். அதற்காக அதை யாரும் டிஜிட்டல் ஆம்ப் என்று சொல்வதில்லை. இந்த வகையில் சத்தம் கெட வழியே இல்லை. ரிலே தேய்ந்தால் 'டப்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் சொன்னால் உங்கள் அண்ணன் கோபப்படுவார். அந்த ஜேவிஎம் ஆம்பில் உள்ள ரிவெர்ப் டிஜிட்டல். "முழு ட்யூப் ஆம்ப்" என்று மார்தட்டும் எத்தனையோ பேர் வருடக்கணக்காக டிஜிட்டல் ரிவெர்போடுதான் வாசிக்கிறார்கள், தெரியாமல். தெரியாதவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஏன் தெரியவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சிக்னல் டிஜிட்டலுக்குள் போக ஒரு மாற்றி, வெளியே வர ஒரு மாற்றி. இரண்டும் சேர்ந்து ஒன்றிரண்டு மில்லி செகண்டு தின்னும். நடுவில் கணக்குப் போடும் சில் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். இந்தத் தாமதத்தைத்தான் 'லேட்டன்சி' என்று எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனால் காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 35 சென்டிமீட்டர்தான் போகும். நீங்கள் ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே கிட்டத்தட்ட 3 மில்லி செகண்டு போய்விட்டது. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 9. மேடையில் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள், யாரும் "காற்றில் லேட்டன்சி" என்று புகார் சொன்னதில்லை. ஆக, 2 மில்லி செகண்டு தாமதம் விரலுக்குத் தெரியாது.

ரிவெர்பில் இன்னும் சுலபம். ரிவெர்ப் என்பதே சுவரில் பட்டுத் திரும்பி வரும் ஒலி. 2 மில்லி செகண்டு தாமதித்து வந்தால், சுவர் ஒரு முழம் தள்ளி இருக்கிறது என்று காது எடுத்துக்கொள்ளும். உலர்ந்த சிக்னல், அதாவது ரிவெர்ப் கலக்காத நேர் சிக்னல், ட்யூப் வழியாகத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பக்கவாட்டில் டிஜிட்டல் ரிவெர்ப் வந்து கலக்கும். பாலில் தண்ணீர் இல்லை, பால் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவே.

ஆனால் இதே தாமதம் தப்பான இடத்தில் வந்தால் சத்தத்தைக் கொன்றுவிடும். உங்கள் அண்ணன் எங்கோ கேட்டுப் பயந்தது இதுவாக இருக்கலாம். சில ஆம்புகளில் எஃபெக்ட் லூப் 'பேரலல்' வகை. நேர் சிக்னல் ஒரு பக்கம் போகும், லூப்பில் போட்ட பெடலின் சிக்னல் மறுபக்கம் வந்து கலக்கும். அந்த லூப்பில் ஒரு டிஜிட்டல் பெடலைப் போட்டு, பெடலிலும் நேர் சிக்னலைக் கலந்து அனுப்பினால், ஒரே சத்தம் இரண்டு முறை வருகிறது, ஒன்று 2 மில்லி செகண்டு பிந்தி. இரண்டும் சம அளவில் கலந்தால் 250 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அடுத்து 750, 1250 என்று போகும். கிட்டாரின் இரண்டாவது கம்பியைத் திறந்து மீட்டினால் வரும் ஸ்வரம் ஏறத்தாழ 247 ஹெர்ட்ஸ். பாருங்கள், சரியாக அந்தக் கம்பியின் அடிநாதமே காணாமல் போகும். வாசிப்பவனுக்கு "என்னவோ மெலிஞ்சு போச்சு, உயிரில்லை" என்றுதான் தோன்றும். காரணம் தெரியாமல் டிஜிட்டலைத் திட்டுவான். உண்மையில் குற்றம் கலப்பில். பெடலில் நேர் சிக்னலை முழுக்க மூடி, எஃபெக்ட் மட்டும் வரும்படி வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. என் கடைக்கு "லூப் கெட்டுப்போச்சு" என்று வரும் ஆம்புகளில் பலவற்றுக்கு நான் செய்வது அந்த ஒரு குமிழைத் திருப்புவதுதான். காசு வாங்கக் கூச்சமாக இருக்கும், டீ வாங்கித் தரச் சொல்லிவிடுவேன்.

அப்புறம் முழு சிக்னலும் டிஜிட்டல் வழியாகவே போகும் வகை. முன்பகுதி முழுக்க கணக்கு, பின்பகுதியில் மட்டும் ட்யூப். லைன் 6 கம்பெனி போக்னர் என்கிற ஆம்ப் கம்பெனியோடு சேர்ந்து ஸ்பைடர் வால்வ் என்று செய்தது, மார்ஷல் ஜேஎம்டி என்று செய்தது, இரண்டும் இந்த வகை. இங்கே மனதைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் அளவெடுத்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை சத்தம் பிடிபடும். கிட்டார் ஸ்பீக்கரோ 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டினால் சரசரவென்று இறங்கிவிடும். ஆகவே "டிஜிட்டல் சத்தத்தைப் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டிவிடுகிறது" என்பது கட்டுக்கதை. நல்ல மாற்றியின் சொந்த இரைச்சல், ட்யூப் ஆம்பின் 'ஸ்ஸ்ஸ்' சத்தத்துக்குக் கீழேதான் இருக்கும்.

உண்மையான சிக்கல் அளவில் இருக்கிறது. ட்யூபை மிஞ்சி அடித்தால் மெதுவாக மழுங்கும், அந்த மழுங்கல்தான் நமக்குப் பிடித்த ருசி. டிஜிட்டல் மாற்றிக்கு ஒரு கூரை உண்டு. அதைத் தொட்டால் கத்தியால் நறுக்கியது போல வெட்டும். கிட்டார் அளவுக்கு என்று செய்த பெடலை, அதைவிடப் பலமான லைன் அளவு சிக்னல் கொடுக்கும் லூப்பில் மாட்டினால் இது நடக்கும். பலமான பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) வைத்த கிட்டாரைக் கையில் எடுத்து ஓங்கி அடித்தால் 'கிர்ர்' என்று ஒரு அசிங்கமான கிழிசல் கேட்கும். கேட்டவுடன் தெரிந்துவிடும். வாங்கும்முன் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும்.

பின்பகுதியில் ட்யூப் இருப்பதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஒரே அளவில் நிற்காது. கீழே அதன் ஒத்ததிர்வு இடத்தில் எகிறும், மேலே போகப் போகவும் ஏறும். ட்யூப் பவர் பகுதியும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் அந்த ஏற்ற இறக்கத்துக்கு வளைந்துகொடுக்கும், அதனால்தான் அடித்தால் திருப்பி அடிப்பது போல ஓர் உணர்வு. அந்த வகையில் பின்னால் உண்மையான பவர் ட்யூப் இருந்தால் அர்த்தம் உண்டு. மலிவுப் பெட்டிகளில் சிலதில் முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7 ட்யூபை வைத்து, குறைந்த வோல்டேஜில் ஒப்புக்கு ஓடவிட்டு, கீழே ஆரஞ்சு எல்இடி வைத்து ஒளிர விடுவார்கள். ட்யூபின் இழை அவ்வளவு பளிச்சென்று எரியாது. கல்யாண மண்டப வாசலில் கட்டும் பிளாஸ்டிக் வாழைமரம் அது.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ஃபெண்டர் 2019ல் டோன் மாஸ்டர் என்று தன் பழைய ட்யூப் ஆம்பான ட்வின் ரிவெர்பையே முழு டிஜிட்டலாகச் செய்தது, ட்யூப் ஒன்றுகூட இல்லை. எடை 15 கிலோ, ட்யூப் ட்வின் 29 கிலோ பக்கம். பீச் ஸ்டேஷன் படிக்கட்டில் 29 கிலோவைத் தூக்கி ஏறியவனுக்கு அந்த 14 கிலோவின் அருமை தெரியும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ட்யூப் இல்லாமல் ட்யூப் போல் நடிக்கிறேன் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு வருகிறது.

சரி, சத்தம் முடிந்தது. இனி என் கவலைக்கு வருகிறேன்.

ஒரு ஆடி மாதம், கொருக்குப்பேட்டைப் பக்கம் கூழ் ஊற்றும் திருவிழா மேடை. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் புது ஆம்ப் கொண்டுவந்திருந்தான். ட்யூப், டிஜிட்டல் இரண்டும் கலந்தது. ஆறு மணி வரை அருமையாகப் பாடியது. இருட்டியதும் தெருவெல்லாம் சீரியல் லைட் போட்டார்கள், ஒலிபெருக்கி போட்டார்கள், லைனில் வோல்டேஜ் இறங்கியது. நடுப்பாட்டில் ஆம்ப் ஊமையாகிவிட்டது. ட்யூப் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பத்து செகண்டு கழித்து தானாகப் பேசியது, மறுபடி ஊமை. பையன் அழாத குறை. கூட்டம் அவன் வேண்டுமென்றே நிறுத்துகிறான் என்று நினைத்துக் கத்தியது.

மறுநாள் பிரித்துப் பார்த்தேன். ட்யூபின் இழைக்குக் கொடுக்கும் 6.3 வோல்ட் சுற்றிலிருந்தே டிஜிட்டல் பலகைக்கும் மின்சாரம் எடுத்திருந்தார்கள். 6.3 வோல்ட் ஏசியை நேராக்கினால், டயோடில் போவது போக, உச்சத்தில் ஏழரை வோல்ட் கிடைக்கும். வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு ஏறத்தாழ 7 வேண்டும். 230 வோல்ட் இருக்கும்போது எப்படியோ ஒட்டிக்கொண்டு ஓடும். லைன் 200க்கு இறங்கினால் அந்த ஏழரை, ஆறே காலாகிவிடும். ரெகுலேட்டர் கைவிடும், சில் மயங்கி விழுந்து மறுபடி எழும். ட்யூபுக்கோ அந்தக் குறைந்த வோல்டேஜில் சத்தம் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். இதை வடிவமைத்தவர் ஊரில் கரண்ட் எப்போதும் நேராக நிற்கும் போலிருக்கிறது. தனியாக ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து பலகைக்கு மின்சாரம் கொடுத்ததும் சரியாகிவிட்டது. நீங்கள் வாங்கப் போகும் ஆம்பில் டிஜிட்டல் பகுதிக்குத் தனிச் சப்ளை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது சூடு. பவர் ட்யூப் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போவில் பெரும்பாலும் ட்யூப் தலைகீழாகத் தொங்கும், சூடு மேலே ஏறி நேராக சர்க்யூட்டுக்குள் போகும். எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் பாதியாகும் என்பது பழைய கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் ஷாமியானாவுக்குக் கீழே அந்தப் பெட்டிக்குள் என்ன வெயில் அடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ட்யூப் ஆம்பின் பெரிய கப்பாசிட்டர் செத்தால் அரை நாளில் மாற்றலாம். பலகையில் பொட்டு அளவு ஒட்டியிருக்கும் கப்பாசிட்டர் செத்தால், அது செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை நாள்.

கடல் காற்றும் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை வீடுகளிலிருந்து வரும் ஆம்புகளை மூடியைத் திறந்த உடனே எனக்கு அடையாளம் தெரியும். ஆணியெல்லாம் பச்சை பூத்திருக்கும். ட்யூப் சாக்கெட்டில் உப்புப் பிடித்தால் காண்டாக்ட் க்ளீனர் அடித்து, ட்யூபை நாலு முறை ஏற்றி இறக்கினால் போதும். பலகைகளை இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளின் கனெக்டரில் உப்புப் பிடித்தால், ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. பேய் பிடித்த மாதிரி. அப்படி ஒரு ஆம்ப் என் கடைக்கு நாலு முறை வந்தது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். அந்த மாடலுக்கு இனி பலகை கிடையாது என்று பதில் வந்தது. ஆம்பின் வயது அப்போது ஏழு.

இதை ட்யூபோடு ஒப்பிடுங்கள். 12ஏஎக்ஸ்7 என்கிற ஈசிசி83 ட்யூப் 1940களின் கடைசியில் வந்தது. இன்றைக்கு ஸ்லோவாகியாவில் ஜேஜே செய்கிறார்கள், ரஷ்யாவில் செய்கிறார்கள், சீனாவில் செய்கிறார்கள். 2022ல் ரஷ்ய ட்யூப் ஏற்றுமதிக்குத் தடை என்று கேட்டு உலகமே பதறியது, விலை ஏறியது, அது உண்மை. ட்யூபும் அமரர் இல்லை. ஆனால் யார் செய்த ஈசிசி83 என்றாலும் யாருடைய ஆம்பிலும் உட்காரும். டிஜிட்டல் பலகை தன் கம்பெனியின், தன் மாடலில் மட்டும் உட்காரும். போன் ஆப் வழியாக மட்டுமே குமிழ் திருப்ப முடிகிற ஆம்ப் என்றால் இன்னும் மோசம். ஆப் நின்ற நாளில் குமிழும் நின்றது.

ஆகவே வாங்கும்முன் நான் பார்ப்பது இதுதான்: டிஜிட்டல் பலகையைக் கழற்றி வெளியே வைத்தால், கிட்டாரைக் குத்தியதும் ஸ்பீக்கரில் சத்தம் வருமா? ரிவெர்ப் போகட்டும், ப்ரீசெட் போகட்டும். வெறும் சத்தம் வருமா? வந்தால் தைரியமாக வாங்குங்கள். இருபது வருடம் கழித்தும் ஏதாவது ஒரு ரிப்பேர்காரன் அதைப் பாட வைத்துவிடுவான். வராது என்றால், அதை ஒரு போன் வாங்குவது போல, ஐந்தாறு வருடச் செலவு என்று நினைத்து, அந்த விலைக்கு மட்டும் வாங்குங்கள். கடையில் பலகையைக் கழற்ற விடமாட்டார்கள்தான். சர்க்யூட் வரைபடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். வரைபடமே தராத கம்பெனி என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

உங்கள் இரண்டாவது கேள்வி, இருக்கிற ஆம்பில் போர்டு சேர்ப்பது. முடியும். செய்ய வேண்டாம் என்பேன்.

ரிவெர்ப் சில்லுகள் ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். பிடி2399 என்கிற எக்கோ சில் வைத்த குட்டிப் பலகை சல்லிசு. சிக்கல் மின்சாரம் எடுப்பதில். மேலே சொன்ன அந்த 6.3 வோல்ட் சுற்றிலேயே எல்லோரும் கை வைப்பார்கள். உங்கள் ஆம்பில் அந்தச் சுற்றின் நடுப்புள்ளி எர்த்தில் கட்டியிருக்கும், 'ஹம்' இரைச்சலைக் குறைக்க. அதன்மேல் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடு போட்டு அதன் நெகட்டிவையும் எர்த்தில் கட்டினால், சுற்றின் பாதி டயோடு வழியாக ஷார்ட். டயோடு புகையும், அதிர்ஷ்டம் இல்லை என்றால் ட்ரான்ஸ்ஃபார்மரும் போகும். யூட்யூப் பார்த்துச் செய்துவிட்டு, கருகிய வாசனையோடு தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அது போக, உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல், ரெசிஸ்டர் வழியாக வடியவிடாமல் கை வைப்பவனுக்கு அது இரண்டாவது வாய்ப்பு தராமலும் போகலாம். இதை பயமுறுத்தச் சொல்லவில்லை, என் மாஸ்டரின் இடது கட்டைவிரலில் இருந்த தழும்பைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் 18 வாட் ஆம்புக்கு ரிவெர்ப் வேண்டுமென்றால் வெளியே ஒரு பெடல் வாங்குங்கள். கோயிலில் சுத்தமான சத்தத்தில்தான் வாசிப்பீர்கள், அதற்கு ஆம்புக்கு முன்னால் மாட்டினாலே போதும். சனிக்கிழமை ஆம்பையே கத்தவிட்டு வாசிக்கும்போது முன்னால் உள்ள ரிவெர்ப் சேறாகிவிடும், நிறுத்திவிடுங்கள். ராக்குக்கு அது வேண்டியதும் இல்லை. பெடல் செத்தால் வேறு பெடல். ஆம்ப் அப்படியே இருக்கும்.

நீங்கள் வெளியே எங்கேயாவது காசு போட வேண்டும் என்றால் லோட் பாக்ஸில் போடுங்கள். ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சுமையைத் தாங்கும் பெட்டி அது. அதற்குள் ஐஆர் என்கிற டிஜிட்டல் சமாசாரம் இருந்தால், ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கர் பெட்டி மைக்கில் எப்படிக் கேட்குமோ அப்படி ஹெட்போனுக்கும் மிக்சருக்கும் அனுப்பும். டிஜிட்டல் எல்லாவற்றிலும் எனக்கு மனப்பூர்வமாகப் பிடித்தது இதுதான், ஏனென்றால் அது ட்யூப் தன் வேலையை முழுசாக முடித்த பிறகு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் நள்ளிரவில் ஆம்பை முழுசாகத் திறந்து வாசிக்கலாம். கோயிலில் மைக் வைக்காமல் நேராக மிக்சரில் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: ஸ்பீக்கரும் இல்லாமல் லோடும் இல்லாமல் ட்யூப் ஆம்பை ஒரு நிமிஷம்கூட வாசிக்கக் கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி சாக்கெட்டில் பொறி பறக்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் போனால் உங்கள் ஆம்பில் ரொம்ப விலை கூடியது போனது என்று அர்த்தம்.

உங்கள் அண்ணனை என்ன செய்வது? ஒரு நாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். என்னிடம் ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கிறது, நேர் வழி ஒன்று, மாற்றி வழியாகப் போகும் வழி ஒன்று. இரண்டின் அளவையும் மீட்டரில் சமமாக்கி வைத்திருக்கிறேன், ஏனென்றால் கொஞ்சமே கொஞ்சம் சத்தம் கூடினாலும் காது அதைத்தான் "நல்லா இருக்கு" என்று சொல்லும். முதுகைக் காட்டி உட்கார்ந்து எது ட்யூப் மட்டும் என்று பத்து முறை சொல்லட்டும். நானே ஒரு முறை செய்தேன், பத்தில் ஐந்து சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே ஐந்துதான் வந்திருக்கும்.

ப்ளூடூத் பற்றியும் கேட்டிருந்தீர்கள். போனில் பாட்டை ஓடவிட்டுக் கூடவே பழகுவதற்கு வசதி, அதற்கு மட்டும். அதற்காக ஆம்ப் மாற்ற வேண்டியதில்லை, பர்மா பஜாரில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி ஆம்ப் மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பின் பின்பக்கம் காற்று போகிற ஓட்டையை மட்டும் அது மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.